நார்ஃபோக்கின் ஏரிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் மேட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த பத்தியிலேயே ஏரி ஏரியாகப் படகில் போனதையும் சொல்கிறீர்கள். மலையில்லாத ஊரில் இத்தனை ஏரிகள் எப்படி?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான சந்தேகம். அவை மனிதர் வெட்டிய குழிகள். அங்கே 'பிராட்ஸ்' என்பார்கள்.

இடைக்காலத்தில் இங்கிலாந்திலேயே ஜனம் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் நார்ஃபோக்கும் ஒன்று. விறகு போதவில்லை. ஆற்றோரச் சதுப்பில் பீட் என்கிற மண் உண்டு. செடிகொடிகள் மக்கி இறுகியது. செங்கல் போல வெட்டிக் காயவைத்தால் எரியும். அங்குள்ள நார்விச் நகரத்து மடத்தின் சமையலறை வரைக்கும் அதுதான் அடுப்பெரித்தது. தலைமுறை தலைமுறையாக வெட்டினார்கள். அப்புறம் கடல்மட்டம் ஏறியது, 14ஆம் நூற்றாண்டில் வெள்ளத்தின் மேல் வெள்ளம். குழிகளில் புகுந்த தண்ணீரை இறைத்து மாளவில்லை, விட்டுவிட்டார்கள்.

விட்டதோடு மறந்தும் போனார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. 1950கள் வரை நிபுணர்களும் இவற்றை இயற்கை ஏரி என்றே நம்பினார்கள். ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் நெருக்க நெருக்கமாகத் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். கரைகள் சுவர் போலச் செங்குத்தாக இறங்கின, அடி தட்டையாக இருந்தது. நடுவே வெட்டாமல் விட்ட வரப்புகள்கூடத் தெரிந்தன. ஆறு வரப்பு கட்டுமா?

மேடு என்றேனே, அங்கே மிக உயரமான பீக்கன் ஹில் 100 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அதுவும் பனியுகப் பனிப்பாறை தள்ளிவந்து கொட்டிய மணலும் சரளையும். கட்டடக்கல்லுக்கும் பஞ்சம். தேவாலயங்களைச் சிக்கிமுக்கிக் கல்லால் கட்டினார்கள். நார்விச் பேராலயத்துக்குப் பிரான்சின் கான் (Caen) நகரிலிருந்து படகில் கல் வந்தது.

நிலம் இவ்வளவு இளகலாக இருந்தால் கடல் சும்மா இருக்குமா? 1953 ஜனவரி 31 இரவு இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கடல் புகுந்து 307 பேர் இறந்தார்கள். நார்ஃபோக்கும் அதில் பலமாக அடிபட்டது. ஹேஸ்பரோ என்ற கடலோரக் கிராமத்தில் (எழுதுவது 'ஹாப்பிஸ்பர்க்' என்பது போல இருக்கும், அப்படி வழி கேட்டால் சிரிப்பார்கள்) வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுகின்றன. அதே அரிப்புதான் 2013இல் 8 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதக் காலடித் தடங்களை வெளியே காட்டியது. இரண்டு வாரத்துக்குள் அலை அவற்றையும் அழித்துவிட்டது. படம் எடுத்துவைத்ததுதான் மிச்சம்.

போனால் அலை இறங்கியிருக்கும் நேரத்தில் போங்கள். சரிகிற மண்மேட்டுக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள்.