விடுதி அறையில் வைத்துச் சாப்பிட நல்ல நொறுக்குத்தீனி எது?

விடுதியில் தங்கிப் படிக்கிறேன், அறையில் சமைக்கக் கூடாது, கையில் காசும் குறைவு, உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் என்ன கொறிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் படித்த காலம் முழுக்க விடுதிச் சாப்பாட்டில் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பசி எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் லேப் முடிந்து வரும் மாலை ஐந்து மணிக்கும், மெஸ் மூடிய பிறகு இரவு பதினொரு மணிக்கும்தான். அந்த நேரத்தில் யாரும் யோசித்துச் சாப்பிடுவதில்லை. கைக்கு எட்டுவது பஃப்ஸும் கூல்டிரிங்ஸும் என்றால் அதுதான் வயிற்றுக்குள் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமையே மளிகைக்கடைக்குப் போய் அந்த வாரத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள். பாதி வேலை அதோடு முடிந்தது.

என் முதல் சிபாரிசு வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது, பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம். நார்ச்சத்தும் இருப்பதால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பசி தாங்கும். வேர்க்கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், அதனால் ஒரு கைப்பிடி போதும். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். பூஞ்சை பிடித்த கடலை, கசக்கிற கடலை இருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அந்தப் பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. கடலை மிட்டாயும் நல்லதுதான், ஆனால் வெல்லமும் சர்க்கரைதானே, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுப்பே இல்லாமல் செய்யக்கூடியது முளைகட்டிய பாசிப்பயறு. ராத்திரி ஒரு கைப்பிடியை நன்றாகக் கழுவி டிபன் பாக்ஸில் ஊற வையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டி வைத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் வெள்ளையாக வால் விட்டிருக்கும். குடிக்கிற தண்ணீரில் இன்னொரு முறை அலசி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அருமையாக இருக்கும். கோடையில் மட்டும் கவனமாக இருங்கள், சீக்கிரம் புளித்துவிடும். வழவழப்போ வாடையோ வந்தால் சாப்பிட வேண்டாம். பச்சைப் பயறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் அவல் பக்கம் போகலாம். மெல்லிய அவலைத் தண்ணீர் தெளித்துச் சில நிமிஷம் விட்டு, வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்தால் போதும்.

பழத்தில் வாழைப்பழமும் கொய்யாவும். ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று ஏங்கவே வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். கடையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவும்போது கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

பிஸ்கட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்னால் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. ராகி, ஓட்ஸ் என்று பெரிதாகப் படம் போட்ட பாக்கெட்டிலும் பல நேரம் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் முன்வரிசையில் நிற்கும். ராகி எங்கோ கடைசியில் இருக்கும்.

பரீட்சை நேரத்தில் தூக்கத்தை விரட்ட டீக்கு மேல் டீ குடிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு டம்ளரோடும் சர்க்கரை உள்ளே போகிறது, அப்புறம் படுத்தாலும் தூக்கம் வராது. பதினொரு மணிப் பசிக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் போதும்.

இன்னொன்று. உங்கள் விடுதியில் மெஸ் கமிட்டி இருந்தால் மாலையில் பஜ்ஜி, போண்டாவுக்குப் பதிலாக வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது சுண்டல் போடச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், போட்டார்கள். கொண்டைக்கடலையும் பட்டாணியும் எப்படியும் மெஸ் ஸ்டோரில் இருக்கும். எண்ணெய்ச் செலவும் மிச்சமாகிறது என்று எடுத்துச் சொன்னால் சமையல் பொறுப்பில் இருக்கும் அண்ணனும் மறுக்கமாட்டார்.