இஸ்திரிக்காரர் காதில் விழுந்ததா?

கேள்வி: மகளின் சாதிச் சான்றிதழ் நகலைப் பார்த்த மறுவாரமே வீட்டு உரிமையாளர் எங்களைக் காலி செய்யச் சொன்னார். காரணம் கேட்கப் போன என்னைத் தன் வீட்டுக் கூடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார். அவர் மனைவி மட்டும் உடனிருந்தார். நான் வெளியே வந்ததும் கேட் வரை வந்து அதையே சொல்லிக் கத்தினார்; எதிரே துணி தேய்ப்பவர்கூட நிமிர்ந்து பார்த்தார். முன்பணம் 80,000 ரூபாயையும் தரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: ஆறு ஆண்டுகள் ஒருநாள்கூடத் தவறாமல் வாடகை கொடுத்தது, உரிமையாளர் வீட்டுத் திருமணத்தில் பாத்திரம் கழுவிக்கொடுத்தது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது மனம் வலிக்கிறது. ஆனால் வழக்குக்கு அவை உதவாது. உங்கள் கடிதத்தில் வழக்கு இருப்பது ஒரே வரியில்தான்: துணி தேய்ப்பவர் நிமிர்ந்து பார்த்தது.

நீங்கள் கேட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஆம் ஆண்டினது. அதன் 3(1)(எஸ்) பிரிவுக்கு, சாதிப் பெயர் சொல்லித் திட்டியது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். கூடத்தில் நடந்தது அதில் அடங்காது. லால்குடிப் பகுதியில் வருவாய் ஆய்வாளர் ஒருவரை அவரது அலுவலக அறைக்குள் வைத்துத் திட்டியதாகப் பதிவான வழக்கையே 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்பதே காரணம். கேட் அப்படியல்ல, வீட்டு வாசல் கேட் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதே என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் சறுக்குவது முதல் புகாரில்தான். கூச்சத்தில் "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதிவிடுகிறார்கள். சாதிப் பெயர் இல்லாத புகார் அங்கேயே பலவீனமாகிவிடுகிறது. அவர் சொன்ன சொல்லை, கை நடுங்கினாலும், அப்படியே எழுதுங்கள். கேட், நேரம், இஸ்திரி வண்டி மூன்றும் முதல் நாளே அதில் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சேர்த்தால் குறுக்கு விசாரணையில் ஜோடனை என்பார்கள். வழக்கு வலுக்கட்டும் என்று உங்கள் தம்பியையும் சாட்சியாகச் சேர்த்துவிடாதீர்கள். அவர் அன்று ஊரிலேயே இல்லை என்று ஒரு பஸ் டிக்கெட் காட்டிவிடும். உண்மையான சாட்சியையும் அது சேர்த்துச் சாய்த்துவிடும்.

இதே சட்டத்தின் 18ஆம் பிரிவால் முன்ஜாமீன் எளிதில் கிடைக்காது என்பதால் உரிமையாளர் உடனே சமரசம் பேச ஆள் அனுப்புவார். 80,000 ரூபாயை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். "எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் உங்கள் பணம். அதைப் பெற நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் துணி தேய்ப்பவரைப் போய்ப் பாருங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்று அவர் காதில் என்ன விழுந்தது என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தெருவில்தான் அவர் பிழைப்பு. தயங்கினால் குறை சொல்ல முடியாது. அவரும் சொல்ல மாட்டார், கேட்டவர் வேறு எவரும் இல்லை என்றால், இதை எழுத எனக்கே கசக்கிறது, முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு வேறு வீடு பாருங்கள். அவர் சொல்வார் என்றால், நாளைக் காலையே புகார் கொடுங்கள்.