சீந்தில் பூக்கிறது, ஏன் காய்க்கவில்லை?

"எங்கள் வேப்ப மரத்தில் ஆறு வருடமாகச் சீந்தில் கொடி படர்ந்திருக்கிறது. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. என்ன உரம் போடலாம்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உரமே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆண் கொடி. பனையில் ஆண்பனை, பெண்பனை இருப்பது போலத்தான் சீந்திலிலும். அடுத்த முறை பூக்கும்போது ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆண் பூக்கள் கொத்தாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தத் தாள்கள். பெண் பூ பெரும்பாலும் ஒற்றையாக நிற்கும், நடுவில் மூன்று சூலகங்கள் தெரியும்.

இந்தக் கொடியிலிருந்து தண்டு வெட்டி எத்தனை இடத்தில் நட்டாலும் அத்தனையும் ஆண்தான். அதனால் பட்டாணி அளவில் சிவந்த பழம் தொங்கும் கொடியை ஊர்ப்பக்கம் தேடுங்கள். அதில் விரல் பருமனுள்ள தண்டு ஒன்றை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி, மழை தொடங்கியதும் பக்கத்திலேயே நடுங்கள். சீந்தில் லேசில் சாகாது. அடியில் வெட்டிவிட்டாலும் மேலிருந்து நூல் போல வேர் விட்டு மண்ணைத் தேடி இறங்கும். விதை போட்டும் வளர்க்கலாம்தான், ஆனால் ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது.

பழம் கிடைத்தால் விதையை எடுத்துப் பாருங்கள், பிறை போல வளைந்திருக்கும். மெனிஸ்பெர்மேசி என்ற குடும்பப் பெயருக்கே 'நிலவு விதை' என்றுதான் பொருள். மரமஞ்சளும் இதே குடும்பம். வேலியில் படரும் கட்டுக்கொடியும்தான். இலையைத் தண்ணீரில் கசக்கி வைத்தால் ஜெல்லி மாதிரி உறையுமே, அது. இவற்றிலும் ஆண், பெண் தனித்தனிக் கொடிகள். தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சுக்கும் இந்தக் குடும்பத்துக் கொடிகள் உதவியிருக்கின்றன.

அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெட்டும்போது தண்டைத் தடவிப் பாருங்கள். சீந்தில் தண்டில் சிறு புள்ளிகள்தான் இருக்கும், மேல்தோல் காகிதம் போல உரியும். பெரிய பெரிய முண்டுகளோடு, வெட்டினால் பால் கசிந்தால் அது டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு இனம். சீந்தில் என்று நினைத்து அதைக் கஷாயம் போட வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அசல் சீந்திலையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.