அலையாத்தி (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம்) கன்றுகள் நட்ட சில மாதங்களில் கருகிவிடுவது ஏன்?

பெரும்பாலும் குற்றம் கன்றில் இல்லை, தண்ணீர்ப் போக்கில்தான். பிச்சாவரத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் வெயில் பட்டு மண் இறுகி, தரை தட்டுபோல் குழிந்தது. கடல் ஓதம் ஏறும்போது நுழைந்த நீர் வடியாமல் தேங்கி வற்ற, உப்பு மட்டும் தங்கியது. காலை வைத்தால் வெள்ளைப் பொருக்கு நொறுங்கும். அங்கே எதை நட்டாலும் வீண்.

அதனால் முதலில் வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இப்படித்தான் மீட்டன. கரையைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், சரியும். சரிவின் நடுப்பகுதியில் நடுங்கள்: அடியில் நட்டால் மூழ்கி அழுகும், உச்சியில் காயும்.

அலையாத்தி வகைகளில், உப்பு மிகுந்த இடத்துக்கு வெண்கண்டல். சுரபுன்னை ஓடையோரச் சேற்றுக்கு. அதன் நீண்ட முளைக்குச்சியில் (மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்று) கூர்முனை கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்கு புதைத்தால் போதும். தலைகீழாகக் குத்தி வீணாக்குவது சகஜம்!

பலர் மறப்பது தூர்வாருதல். வண்டல் வாய்க்காலின் வாயை அடைத்தால் பழைய கதைதான். ஆடுமாடு மேய்ச்சலையும் தடுக்க வேண்டும்.