நீச்சல் குளத்துக்கு ஃபைபர்கிளாஸ்: எந்த ரெசின், எந்த மேட்?

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளம் கான்கிரீட்டில் கட்டியது. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர். உள்பூச்சு பல இடங்களில் பெயர்ந்துவிட்டது. மேலே இரண்டு முறை அடித்த பெயின்ட்டும் உரிகிறது. ஃபைபர்கிளாஸ் போட முடிவு செய்திருக்கிறோம். ஒருவர் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் போதும் என்கிறார். இன்னொருவர் எபாக்சிதான் என்கிறார். மூன்றாமவர் வினைல் எஸ்டர் என்கிறார். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

பதில்: வினைல் எஸ்டர் என்று சொன்னவர் பக்கம்தான் நான். ஆனால் எல்லா அடுக்குக்கும் அதுவே வேண்டும் என்பதில்லை. கான்கிரீட்டைத் தொடும் ப்ரைமருக்கும் முதல் மேட்டுக்கும் (மேட் என்பது, இறுகும் திரவமான ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு) வினைல் எஸ்டர், இரண்டாவது மேட்டுக்கு ஐசோப்தாலிக் பாலியெஸ்டர், கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சுக்கு ஐசோ என்.பி.ஜி. (நியோபென்டைல் கிளைக்கால் சேர்த்த ஐசோப்தாலிக் பாலியெஸ்டர்) ஜெல்கோட். உங்கள் குளத்துக்கு நான் இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன். கையில் பணம் குறைவாக இருந்தால் மேலே குறையுங்கள், அடியில் குறைக்காதீர்கள். ஜெல்கோட் மங்கினால் தேய்த்து மறுபடி அடித்துவிடலாம். அடி அடுக்கு விட்டுப்போனால் மொத்தத்தையும் பெயர்த்து எடுக்க வேண்டியதுதான்.

கடையில் வெறுமனே 'ரெசின்' என்று கேட்டால் பெரும்பாலும் ஆர்த்தோப்தாலிக் பாலியெஸ்டரைத்தான் கொடுப்பார்கள். கூரைத் தகடு, இருக்கை போன்றவற்றுக்கு அது போதும். நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் வேலைக்கு அது தாங்காது. பாலியெஸ்டர் சங்கிலியில் நெடுகிலும் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. தண்ணீர் மெல்ல உள்ளே போய் ஒவ்வொன்றாக அறுக்கும். அறுந்த துண்டுகள் கரைந்த திரவம் மேலும் தண்ணீரை இழுக்க, ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் எழும்பும். அந்தக் கொப்புளத்தை ஊசியால் குத்தினால் வழவழப்பான திரவம் வரும், வினிகர் போல் புளித்த நெடி அடிக்கும். பழைய ஃபைபர்கிளாஸ் குளங்களில் இதைப் பார்க்கலாம்.

கான்கிரீட் விஷயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிமென்ட் காரத்தன்மை கொண்டது. ஓதம் ஏறும்போது அந்தக் காரமும் சேர்ந்து வந்து பாலியெஸ்டரைப் பின்பக்கத்திலிருந்து அரிக்கும். வினைல் எஸ்டரில் எஸ்டர் பிணைப்புகள் சங்கிலியின் முனைகளில் மட்டுமே இருக்கின்றன, அதனால் தண்ணீருக்கும் காரத்துக்கும் பிடி கிடைப்பது குறைவு. ஆர்த்தோவுக்கும் இதற்கும் நடுவில் நிற்பது ஐசோப்தாலிக். அப்படியானால் மேலேயும் வினைல் எஸ்டரே போடலாமே என்று தோன்றும். வெயில் பட்டால் அது மஞ்சளிக்கும், மாவு போல் பொடியும். வெயிலைத் தாங்க ஐசோ என்.பி.ஜி.யே நல்லது.

எபாக்சி சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. கான்கிரீட்டில் ஒட்டுவதில் அதற்கு ஈடில்லை. சிக்கல் அடுத்தடுத்த அடுக்குகளில் வருகிறது. வழக்கமாகக் கிடைக்கும் சி.எஸ்.எம். (நறுக்கிய இழை) மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் கரைப்பானாக இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகவே செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது, அதனால் மேட் விறைப்பாகவே நிற்கும், மூலைகளில் படியாது. எபாக்சிக்கென்று தைத்த மேட்டைத் தேட வேண்டும். அப்புறம், எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, சில சமயம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். எபாக்சியில் தொடங்கினால் எபாக்சியிலேயே முடிக்க வேண்டும், அதுவும் வெயிலில் பொடியும். எனவே பள்ளங்களை நிரப்பவும் எபாக்சி புட்டி வேண்டாம். வினைல் எஸ்டரில் சிலிக்கா தூள் கலந்து நிரப்புங்கள்.

மேட் வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. எடை சதுர மீட்டருக்கு 450 கிராம். பசை பவுடர் வகை. கண்ணாடி இழை இ.சி.ஆர். (அரிப்பைத் தாங்கும்) வகை. எமல்ஷன் பசை போட்ட மேட் சற்று மலிவாகவும் வளைக்க எளிதாகவும் இருக்கும், ஆனால் அந்தப் பசை தண்ணீரை உறிஞ்சும், பிறகு இழைகள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். குளத்துக்கு அது கூடாது. இ.சி.ஆர். கிடைக்கவில்லை என்றால் நல்ல இ-கிளாஸ் (வழக்கமான கண்ணாடி இழை) போதும், ஆனால் பவுடர் பசை என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பு தரும். இரண்டு அடுக்கு அவசியம். ஒரே அடுக்கில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நெய்த ரோவிங் துணி இங்கே தேவையில்லை, அதன் கட்டம் நாளடைவில் ஜெல்கோட்டில் அச்சாகத் தெரியும்.

இனி கணக்கு. தரை 32 சதுர மீட்டர், சுவர் 36, மொத்தம் 68. ஒரு அடுக்கு மேட் 31 கிலோ, ஓரங்கள் ஐந்து சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் கழிவுக்கும் சேர்த்து 34 கிலோ என்று வையுங்கள். இரண்டு அடுக்குக்கு 68 கிலோ. சி.எஸ்.எம். மேட் தன் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், ஆக ஒரு அடுக்குக்கு 80 கிலோ. ப்ரைமருக்கு 20 கிலோ சேர்த்தால் வினைல் எஸ்டர் 100 கிலோ, ஐசோ 80 கிலோ. ஜெல்கோட் இரண்டு கோட், ஈரத்தில் 0.6 மில்லிமீட்டர் நிற்க 50 கிலோ. புட்டிக்கான ரெசின் இதில் சேரவில்லை. ரெசினை நிறைய ஊற்றினால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ரெசின் தேங்கி நிற்கும் இடம்தான் முதலில் வெடிக்கும்.

ஜெல்கோட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அச்சுக்குள் அடிப்பதற்காகச் செய்த ஜெல்கோட், காற்று படும் பக்கத்தில் இறுகாது, விரல் வைத்தால் ஒட்டும். குளத்தில் அதுவே கடைசிப் பூச்சு, முழுக்கக் காற்றில் நிற்கும். அதனால் கடைசி கோட்டில் மட்டும் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கும், பூச்சு இறுகும். முதல் கோட்டிலேயே மெழுகு கலந்துவிட்டால் அடுத்த கோட் பிடிக்காது, முழுவதையும் தேய்த்துத்தான் மேலே அடிக்க வேண்டியிருக்கும். மேட்டை நனைக்கும் லேமினேஷன் ரெசினும் மெழுகு இல்லாததாகவே இருக்கட்டும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு, ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். உங்கள் வேலைக்கு மொத்தம் மூன்றரை கிலோ வரும். குளிராக இருக்கிறதே என்று 2 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், சூடாக இருக்கிறதே என்று 1 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். குறைத்தால் ரெசின் கடைசி வரை முழுதாக இறுகாது. கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது) ஏற்கெனவே கலந்து வரும் ரெசினையே கேட்டு வாங்குங்கள். தனி பாட்டிலில் கோபால்ட் வந்தால், அதையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். எம்.இ.கே.பி. ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது, குளத்தின் அடியில் தேங்கும், தீயும் பிடிக்கும். கரிமக் கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடி, தீப்பொறி வராத காற்றாடி, பக்கத்தில் சிகரெட் கிடையாது. துணி முகமூடியால் பயனில்லை.

இத்தனையும் சரியாக வாங்கினாலும், அடியில் இருப்பது உரியும் பெயின்ட் என்றால் ஃபைபர்கிளாஸும் அதோடு உரிந்து வரும். குளோரினேட்டட் ரப்பர் பெயின்ட்டை ரெசினில் உள்ள ஸ்டைரீனே கரைத்துவிடும். எனவே பெயின்ட் மொத்தமும் கிரைண்டரில் போக வேண்டும். பூச்சைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விடுங்கள், பொத்தென்று கேட்டால் கொத்தி எடுத்துவிட்டு நிரப்புங்கள். ஆசிட் கழுவலை நான் விரும்புவதில்லை, காயவைத்த கான்கிரீட்டை அது மறுபடி நனைக்கிறது.

காய்ந்திருக்கிறதா என்று பார்க்க 45 சென்டிமீட்டர் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் நீர்த்துளி நின்றாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. தரையில் ஒன்று, ஆழமான பக்கத்துச் சுவரில் ஒன்று என்று பல இடங்களில் செய்யுங்கள். வாரக்கணக்கில் காத்தும் ஒரே இடம் ஈரமாகவே இருக்கிறதென்றால் நிலத்தடி நீர் தள்ளுகிறது என்று பொருள். அதற்கு வழி செய்யாமல் எந்த ரெசினும் நிற்காது. கட்டுமானமே அசைந்து விரியும் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான், முதலில் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

டைல் வரிசைக்குக் கீழே கட்டரால் ஒரு காடி வெட்டி, மேட்டின் ஓரத்தை அதற்குள் செருகி முடிக்கச் சொல்லுங்கள். ஓரம் வெறுமனே சுவரில் ஒட்டியிருந்தால் தண்ணீர் புகுவது அங்கிருந்துதான். லைட், ஸ்கிம்மர், வடிகால் வளையம் சுற்றிலும் இதே கவனம் வேண்டும்.

வேலை முடிந்து ஒரு நாள் கழித்து, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஜெல்கோட்டைச் சில விநாடி தேயுங்கள். பளபளப்பு போய் ஒட்டினால் இன்னும் இறுகவில்லை. இறுகியபின்னும் ஒரு வாரம் விட்டுத் தண்ணீர் நிரப்புங்கள், நடுவில் நிறுத்தாமல் மேல் வரை. பாதியில் நிறுத்தினால் அந்த மட்டத்தில் கோடு விழும். பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். குளோரின் மாத்திரையைத் தரையில் போடாதீர்கள், விழுந்த இடம் வெளுத்துவிடும். இனிமேல் மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்ய வேண்டி வந்தால், சுற்றிலும் நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பம்ப்பைப் போடுங்கள்.