‘கலக்கு’ என்பது திட்டா, பாராட்டா?

“அகராதியில் கலக்கு என்றால் குழப்பு என்று இருக்கிறது. நன்றாகச் செய்தவரையும் ‘கலக்கிட்டீங்க’ என்கிறார்களே, எது சரி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். எனக்கு இதைப் புரியவைத்தவர் தாத்தா. ஒரு விழாவில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியவரிடம், “தாத்தா, கலக்கிட்டீங்க!” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “யாரைடா கலக்குனேன்?”

கோபத்தில் கேட்டாலும் நல்ல இலக்கணக் கேள்வி. கலங்கு தன்வினை, அதாவது தானே நடப்பது. கலக்கு பிறவினை, அதாவது இன்னொன்றை அப்படி ஆக்குவது. அடங்கு–அடக்கு, மயங்கு–மயக்கு போல. கலக்கு என்றால் ‘எதை?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தாக வேண்டும். குட்டையைக் கலக்கினான், மனசைக் கலக்கிவிட்டான். இங்கெல்லாம் தொந்தரவுதான். அந்த ‘ஐ’ உருபோடு வரும் சொல்லை எடுத்துவிட்டு வெறுமனே ‘கலக்குறான்’ என்றால் பாராட்டு. ‘ஊரையே கலக்குறான்’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். சொல்பவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘வயிற்றைக் கலக்குது’ இதற்கு நேர் எதிர். எதை என்பது இருக்கிறது, எது கலக்குகிறது என்பது இல்லை. பரீட்சைக்கு முன்னால் வரும் பயத்துக்கும் இதேதான், அஜீரணத்துக்கும் இதேதான்.

சொல்லுக்கு அடியில் இருப்பது தண்ணீர். தெளிந்து நிற்கும் குடத்தில் கையை விட்டால் அடியில் படிந்திருந்த மண் எழும்பி வரும். கலப்பது என்றால் ஒன்றோடு இன்னொன்று சேர வேண்டும். கலக்குவதற்குப் புதிதாக எதுவும் போட வேண்டாம், உள்ளே கிடந்ததே போதும். மனம் கலங்குவதும் அப்படித்தானே? குறள் 668-இல் ‘கலங்காது’, ‘துளங்காது’ இரண்டும் வருகின்றன. முதலாவது தெளிவாக யோசிப்பதற்கு, அடுத்தது தளராமல் செய்வதற்கு.

பெயர்ச்சொல்லில் கவனம் தேவை. ‘கலக்கலான பேச்சு’ பாராட்டு. ‘கலக்கமான முகம்’ கவலை. ‘கலங்கலான தண்ணீர்’ குடிக்க ஆகாது. ‘கண் கலங்கினாள்’ உண்டு. ‘கண்ணைக் கலக்கினான்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கண்கலங்க வைத்தான்’ என்று சுற்றித்தான் போகிறோம். ஏனென்று கேட்டால் பழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

கலங்கரை விளக்கத்தை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது கலம், அதாவது கப்பல், சம்பந்தப்பட்டது.