போதைப்பொருள் வைத்திருப்பதைப் போர்ச்சுகல் 'குற்றமல்ல' என்று ஆக்கியது என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

சொந்த உபயோகத்துக்காகக் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருப்பவர் மீது குற்ற வழக்குப் போடுவதில்லை, சிறைக்கு அனுப்புவதில்லை. அவ்வளவுதான். தடை அப்படியே இருக்கிறது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் அபராதம் உண்டு, ஆனால் யாரும் நம்மைக் குற்றவாளி என்று சொல்வதில்லை அல்லவா, அது போல.

ஏன் இப்படி? 1990களில் அங்கே ஹெராயின் குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சாய்த்தது. லிஸ்பனில் கசால் வென்டோசோ என்ற பகுதியில் பட்டப்பகலில் தெருவிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தியதால் எச்ஐவி பரவியது. போலீசுக்குப் பயந்தவர்கள் மருத்துவரிடமும் போகவில்லை. சிக்கலின் வேரே அதுதான்: ஒளிந்து வாழ்கிறவருக்கு எப்படிச் சிகிச்சை கொடுப்பது?

2001 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுமார் 10 நாள் உபயோகத்துக்கான அளவைத்தான் அப்போது வரம்பாக வைத்தார்கள். ஹெராயின் என்றால் 1 கிராம். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு முன் போய் உட்கார வேண்டும். சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். அடிமையாகிவிட்டவர் என்றால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள், இல்லையென்றால் பெரும்பாலும் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம், சட்டத்தை மட்டும் மாற்றியிருந்தால் பெரிதாக எதுவும் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர்கள் கொடுக்கும் மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையும் சுத்தமான ஊசி விநியோகமும் கூடவே இருந்தன. ஊசி போடுபவர்களிடையே புதிய எச்ஐவி தொற்று வெகுவாகக் குறைந்தது.

'போர்ச்சுகலில் போதைப்பொருளைக் கடையில் வாங்கலாம்' என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, அங்கே விற்பதும் கடத்துவதும் இன்றும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.